பூச்சி தன் வேலையைப் பார்க்கட்டும், நாம் பூச்சியைப் பார்ப்போம்

ஒரு பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சென்டிமீட்டரில் பதில் சொல்வதில்லை. நீங்கள் பார்க்கும்போது அது இலையைக் கடித்துக்கொண்டிருக்கும், அல்லது முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும், அல்லது இரைக்குக் காத்திருக்கும். நீங்கள் பக்கத்தில் வந்த பிறகும் அந்த வேலை தொடர்ந்தால் தூரம் சரி. வேலையை நிறுத்திவிட்டு உங்களைக் கவனிக்க ஆரம்பித்தால், நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் அது அதிகப்படிதான். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. வலது முழங்கால் அவ்வளவாக ஒத்துழைக்காது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்தில் இருப்பது தெரியாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்னால் பார்க்க முடிகிறதென்றால் யாராலும் முடியும். என்னோடு பெரும்பாலும் வருவது அக்கா மகள். கண்ணும் பொறுமையும் அவளுக்கு என்னைவிட அதிகம், வாய் மட்டும் சும்மா இருக்காது. தட்டான் போன்றவை நம் பேச்சைக் கண்டுகொள்வதில்லை, அசைவைத்தான் கண்டுகொள்கின்றன. அதனால் அவளை அதட்ட எனக்குக் காரணம் கிடைப்பதில்லை. வெட்டுக்கிளியும் சில்வண்டும் வேறு கதை. அவற்றுக்குக் காது உண்டு, காலடி அதிர்வையும் உடனே உணர்ந்து அடங்கிவிடும்.

இடமும் நேரமும்

பெரிய காடெல்லாம் தேவையில்லை. குட்டை ஓரம், வெட்டாமல் விட்ட புல், பூத்திருக்கும் ஒரு புதர், பட்டை உரிந்த பழைய மரம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். பழகிய புதரில் நேற்றுவரை இல்லாத ஒரு குச்சி இன்று நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் பட்டுவிடும். அது குச்சிப்பூச்சியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புது இடத்தில் எல்லாக் குச்சியும் குச்சிதான்.

உருவத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்தவுடன் போங்கள். இரவுக் குளிரில் விறைத்துப்போன தட்டான் புல்நுனியில் பனித்துளியோடு தொங்கும். உடனே பறக்க அதற்குச் சக்தி இருக்காது. முகத்துக்கு நேரே லென்ஸைக் கொண்டுபோய்க் கண், இறக்கை நரம்பு, கால் முள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தப்பிக்க முடியாத நிலையில் இருக்கிறதென்பதற்காக அதைத் தட்டி எழுப்பி வேடிக்கை பார்ப்பது மட்டும் கூடாது. வெயில் மேலே பட்டதும் பெரிய தட்டான்கள் இருந்த இடத்திலேயே இறக்கையைப் படபடவென்று நடுக்கும். மார்புத் தசைகளைச் சூடேற்றிக்கொள்ளத்தான் அந்த நடுக்கம். அது தொடங்கிவிட்டால் உங்களுக்கு மிச்சம் சில நிமிடங்களே.

நடத்தையைப் பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறிய பிறகு போக வேண்டும். வேட்டை, சண்டை, இணைசேர்தல், முட்டையிடுதல் எல்லாம் அப்போதுதான். கும்பிடுபூச்சிக்கும் குச்சிப்பூச்சிக்கும் இரவு நல்ல நேரம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நம் கை ஓங்கியிருக்கும்.

கிட்டே போகும் விதம்

தட்டானின் கூட்டுக்கண் ஒன்றில் ஏறத்தாழ 30,000 சிறு கண்கள் வரை இருக்கும். தலையே கண்தான் என்று சொல்லிவிடலாம். மேலே, முன்னே, பக்கங்களில் எல்லாம் ஒரே சமயத்தில் பார்க்கும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரிகிற நுணுக்கம் அதற்குத் தெரியாது. அது கெட்டிக்காரத்தனம் காட்டுவது அசைவைப் பிடிப்பதில்தான். எனவே நீங்கள் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்பதைவிட எப்படி நகர்கிறீர்கள் என்பதே முக்கியம். (நான் வெளுத்துப்போன பழுப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். அது கறை பட்டால் வருத்தமில்லை என்பதற்காக.)

முதலில் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழுந்தால் கதை முடிந்தது. அடுத்தது உயரம். வானத்துக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் உருவம் பூச்சிக்குப் பெரிய செய்தி. குனிந்து, பின்னால் செடியோ மண்ணோ இருக்கும்படி வந்தால் அந்தச் செய்தி பாதியாகக் குறையும். பக்கவாட்டில் ஆடாமல் நேர்க்கோட்டில் வாருங்கள், வேகத்தைக் கடைசி வரை கூட்டாதீர்கள். பலரும் கடைசி ஒரு முழத்தில்தான் அவசரப்படுகிறார்கள். கையை நீட்டுவதும் தனியாக ஓர் அசைவுதான். லென்ஸையோ போனையோ முன்கூட்டியே கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு, உடம்போடு சேர்த்து அதை நகர்த்துங்கள்.

மூச்சையும் கவனிக்க வேண்டும். தட்டானுக்குப் பரவாயில்லை. எறும்புச் சாரைமீதோ தேனீமீதோ நேராக மூச்சுவிட்டால் அவை சட்டெனக் கலவரப்படும். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி விட்டால் போதும்.

மண்டியிடும் முன் மண்டியிடப்போகும் இடத்தைப் பாருங்கள். எறும்புப் புற்று, முள், சில சமயம் பாம்பு. நான் மடித்த சாக்கு ஒன்றை எடுத்துப்போகிறேன். அதைப் போடும் சாக்கில் தரையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடுவேன்.

சரி, தூரம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குச்சி நுனியில் வந்தமரும் தட்டான் முதலில் இறக்கைகளைக் கிடைமட்டமாக விரித்து வைத்திருக்கும். ஆபத்தில்லை என்று பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு, அவற்றை முன்னோக்கிக் கீழே இறக்கும். இறக்கை தாழ்ந்துவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்கலாம். மறுபடி நிமிர்ந்தால் அப்படியே நில்லுங்கள். ஊசித்தட்டான் வேறு தந்திரம் செய்யும். நீங்கள் நெருங்கினால் பறக்காமல், உட்கார்ந்திருக்கும் புல்தண்டைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய்விடும். தண்டு அதன் மெல்லிய உடம்பை மறைத்துவிடும். கண்கள் இரண்டும் தலையின் இரு ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருப்பதால், தண்டின் இடப்பக்கம் ஒரு கண், வலப்பக்கம் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கும். அந்தக் காட்சிக்காகவே நெருங்கலாம் என்று தோன்றும். ஆனால் அதன் பொருள் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்பதுதான். இரண்டடி பின்வாங்குங்கள், தானாக இந்தப் பக்கம் வந்துவிடும்.

தட்டானோடு

தட்டான்களில் ஓயாமல் பறப்பவை உண்டு, உட்கார்ந்து காத்திருந்து பாய்பவை உண்டு. பழகுபவர்கள் உட்காருபவற்றோடு தொடங்குங்கள். ஒரு குச்சி நுனியிலிருந்து கிளம்பி, பறக்கும் சிறு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பி வரும். இதில்தான் நமக்கு வசதி. அது கிளம்பியதும் பின்னால் ஓடாதீர்கள். அது இல்லாத அந்த இடைவெளியில் குச்சியை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். திரும்பி வரும்போது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒரு பொருள். இப்படி அது போகும்போதெல்லாம் ஓர் அடி என்று வைத்தால், துரத்துபவர் கடைசிவரை பார்க்காததை நீங்கள் கையெட்டும் தூரத்தில் பார்ப்பீர்கள்.

கிளம்புவதற்கு முன் அதன் தலையைப் பாருங்கள். உடம்பு அசையாது. தலை மட்டும் வெடுக்கென்று சாய்ந்து, மேலே போகும் ஏதோ ஒன்றைப் பின்தொடரும். பல சமயம் அது என்ன பார்க்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. பிறகு ஒரே பாய்ச்சல். சோதனைகளில் சில தட்டான்கள் குறிவைத்த இரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடித்திருக்கின்றன. வேட்டையாடும் விலங்குகளில் இந்த அளவு வெற்றி அபூர்வம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் தாடை அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் பிடித்துவிட்டது. சாப்பிடும் தட்டான் ஓரளவு அசட்டையாக இருக்கும், இன்னும் ஓர் அடி கிடைக்கும்.

உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். வால் என்று நாம் சொல்வது அதன் வயிற்றுப்பகுதி. வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள அப்படிச் செய்கிறது. நேரம் போகப் போக சூரியன் நகரும், வாலின் கோணமும் நகரும். பொறுமை இருந்தால் குறித்துப் பாருங்கள்.

இறக்கையின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால், முன்விளிம்பில், நிறம் தடித்த ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பறக்கும்போது இறக்கை அதிர்ந்து ஆடாமல் இருக்க உதவும் எடை அது. இனத்துக்கு இனம் அதன் நிறமும் நீளமும் மாறும் என்பதால் அடையாளம் காணவும் பயன்படும். தட்டானையும் ஊசித்தட்டானையும் பிரித்தறிய பொதுவாக இரண்டு குறிப்புகள் போதும். தட்டான் இறக்கையை விரித்தபடி உட்காரும், ஊசித்தட்டான் முதுகின்மேல் சேர்த்து வைக்கும். தட்டானின் கண்கள் பெரும்பாலும் உச்சியில் தொட்டுக்கொள்ளும், ஊசித்தட்டானுக்கு விலகியே இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. இறக்கையைப் பாதி விரித்து உட்காரும் ஊசித்தட்டான்களும் இருக்கின்றன, கண்கள் தொடாத தட்டான்களும் இருக்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இரண்டு ஊசித்தட்டான்கள் வளையமாகப் பிணைந்திருப்பதைக் கண்டால் நகராமல் உட்கார்ந்துவிடுங்கள். ஆண் தன் வால்நுனிக் கொக்கியால் பெண்ணைக் கழுத்தருகே பிடித்திருக்கும். பெண் தன் வாலை வளைத்து ஆணின் வயிற்றின் முன்பகுதிக்குக் கொண்டுவரும். ஆண் உடனே தன் விந்தைச் செலுத்திவிடுவதில்லை. முன்பு வேறோர் ஆண் விட்டுப்போனதை முதலில் வெளியே அகற்றுகிறது. ஜொனாதன் வாகி என்ற ஆய்வாளர் 1979இல் இதைக் காட்டினார். இணைசேர்ந்த பிறகும் பல இனங்களில் ஆண், பெண்ணை விடாமல் பிடித்துக்கொண்டோ தலைக்கு மேலே பறந்துகொண்டோ காவல் இருப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது தோலுரித்து வெளிவரும் காட்சியை. தட்டான் தன் இளமைக் காலத்தை நீருக்கடியில் கழிக்கிறது. மடித்து வைத்த கை போல ஒரு கீழுதடு அதற்கு உண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் அதை நீட்டி இரையைக் கவ்வும். வளர்ந்து முடிந்ததும் ஓர் இரவிலோ விடிகாலையிலோ தண்டைப் பற்றி நீரைவிட்டு மேலே ஏறும். நாணலிலும் கோரையிலும், நீர்மட்டத்திலிருந்து முழங்கால் உயரம் வரை டார்ச் அடித்துத் தேடுங்கள்.

ஏறி நின்ற இளம்பூச்சி கால்களை ஊன்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். பிறகு முதுகில், இறக்கை மொட்டுகளுக்கு நடுவே ஒரு கீறல். அதன் வழியே மார்பு உப்பிக்கொண்டு வரும், அடுத்து தலை, அடுத்து கால்கள். வாலின் பின்பாதி மட்டும் உள்ளே இருக்க, உடம்பு பின்னோக்கிச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கும். இந்தக் கட்டத்தில் வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. செத்துவிட்டதோ என்று அக்கா மகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள். கால்கள் கெட்டிப்படக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். திடீரென்று வயிற்றை மடக்கி எழும்பித் தன் பழைய சட்டையையே பிடித்துக்கொண்டு வாலை உருவும். கசங்கிக் கிடக்கும் இறக்கைகள் பால்நிறத்தில் நீள ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வால் நீளும், நுனியிலிருந்து நீர் சொட்டும், இறக்கை தெளிந்து கண்ணாடியாகும். மொத்தமாக ஒரு மணி நேரமும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். இந்த நேரத்தில் தண்டைத் தொடவே கூடாது. விழுந்தாலோ எதிலாவது உரசினாலோ இறக்கை கோணலாகவே கெட்டிப்பட்டுவிடும். பிறகு அது பறக்காது.

அது பறந்துபோன பின் விட்டுச்சென்ற சட்டையைத் தாராளமாக எடுக்கலாம். முதுகுக் கீறலுக்குள் வெள்ளை நூல்கள் தொங்குவது தெரியும். அவை சுவாசக் குழாய்களின் உள்தோல். மேல்தோலோடு சேர்ந்து அதுவும் உரிந்து வந்திருக்கிறது. சட்டையை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஊசியால் முகத்துக்கு அடியில் மெல்ல நெம்பினால் அந்தக் கீழுதடு அப்படியே விரிந்து வரும். உயிருள்ள ஒன்றைத் துன்புறுத்தாமல் இவ்வளவு பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம்.

கும்பிடுபூச்சியோடு

தட்டானைத் தேட வேண்டியதில்லை. கும்பிடுபூச்சியைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. பச்சையையோ பழுப்பையோ தேடினால் கிடைக்காது, செடி முழுக்க அதுதானே நிறம். நான் மூன்றைத் தேடுவேன். செடியில் இயல்பாக வராத ஒரு முழங்கை மடிப்பு. இலைமேல் உதிர்ந்து கிடக்கும் ஈ, தேனீ, பட்டாம்பூச்சி இறக்கைகள். பூவில் உட்கார்ந்த தேனீ வெகுநேரமாக நகராமல், ஒரு மாதிரி சாய்ந்து இருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் பூவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்று கும்பிடுபூச்சி இருக்கும், இல்லையென்றால் நண்டுச் சிலந்தி.

கண்டுபிடித்துவிட்டால் அது ஓடாது. தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும். பூச்சிகளில் இவ்வளவு தாராளமாகத் தலையைத் திருப்பக்கூடியவை மிகக் குறைவு. அக்கா மகள் முதல் தடவை பார்த்தபோது அதன் கண்ணில் இருந்த கருப்புப் புள்ளியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அது என்னையே முறைக்குது.”

“கொஞ்சம் இடப்பக்கம் நகரு, பார்க்கலாம்.”

நகர்ந்தாள். புள்ளியும் நகர்ந்தது. நான் வலப்பக்கம் இருந்தேன், என்னையும் அதே நேரத்தில் முறைத்துக்கொண்டிருந்தது. யார் எங்கிருந்து பார்த்தாலும் அவரை நோக்கியே புள்ளி இருக்கும். காரணம், அது கருவிழியே இல்லை. கூட்டுக்கண்ணில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு கண்கள் ஒவ்வொன்றும் ஒரு குழல். அவற்றில் நம்மை நேராக நோக்கியிருப்பவை நம் பக்கத்திலிருந்து போகும் ஒளியை உள்ளே விழுங்கிவிடும். ஒளி திரும்பி வராததால் அந்த இடம் மட்டும் கருப்பாகத் தெரியும். மற்ற குழல்களின் சுவர் பட்டுத் திரும்பும் ஒளிதான் கண்ணின் பச்சையும் பழுப்பும். பகலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரவில் பல இனங்களின் கண் முழுவதும் கருத்துவிடும், புள்ளி தெரியாது.

அடுத்து நெற்றி. இரண்டு உணர்கொம்புகளுக்கு நடுவே முக்கோணமாக மூன்று சின்னப் புள்ளிகள் லென்ஸில் தெரியும். அவையும் கண்களே. ஆக மொத்தம் ஐந்து.

பாய்வதற்கு முன் அது உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டும். காற்றில் ஆடும் இலையாக நடிப்பதற்காக என்று சொல்வார்கள், சில சமயம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தாவுவதற்கு முன் எதிரே உள்ள கிளையைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் நகர்த்தினால், தூரத்தை அளக்கிறது என்று பொருள். பக்கத்தில் உள்ளது அதிகம் நகர்வதாகவும் தூரத்தில் உள்ளது குறைவாக நகர்வதாகவும் தெரியுமில்லையா, அந்தக் கணக்கு. இரையை அடிக்கும்போது இன்னொரு வழியும் உண்டு. நம்மைப் போல இரண்டு கண்ணின் காட்சியையும் ஒப்பிட்டு ஆழம் அறிகிறது என்று சாமுவேல் ரோசல் 1983இல் நிறுவினார். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிகளுக்குத் தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டித் திரையில் படம் காட்டி, 2016இல் அதை மறுபடி உறுதிசெய்தார்கள். திரையில் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றிய பொய்ப்பூச்சியை அது அடித்தது.

அது சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்கால் முட்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யும். அப்புறம் முன்தொடையின் உட்புறத்தில் இருக்கும் மயிர்க்கற்றையால் கண்ணை மேலிருந்து கீழாகத் துடைக்கும், அந்தக் கற்றையை மறுபடி வாயில் வைத்துச் சுத்தம் செய்யும். திரும்பவும் கண். உணர்கொம்பைக் காலால் வளைத்துப் பிடித்து வாய்க்குக் கொண்டுவருவதும் உண்டு. நீங்கள் இருக்கும் தூரத்தில் இது நடக்கிறதென்றால் உங்களை அது மறந்துவிட்டது.

பெண் ஆணைத் தின்னுமே என்று எல்லோரும் கேட்பார்கள். தின்னும், ஆனால் எப்போதும் இல்லை. பசியோடு இருக்கும் பெண்ணிடம் வாய்ப்பு அதிகம். அதற்காகவே காத்திருந்து படமெடுப்பவர்களோடு எனக்கு அவ்வளவாக ஒட்டாது.

குச்சியில் நுரை காய்ந்த மாதிரி ஒரு கட்டி ஒட்டியிருந்தால் அது முட்டைக்கூடு. பக்கவாட்டில் சின்னஞ்சிறு வட்ட ஓட்டைகள் இருந்தால் உள்ளிருந்து வந்தவை கும்பிடுபூச்சிகளாக இருக்காது. முட்டைகளைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள் துளைத்த வழி அது. வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒரு நாள் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அறை முழுக்க இறங்கும், அவற்றுக்குப் போட உங்களிடம் ஒன்றும் இருக்காது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தினமும் போய்ப் பாருங்கள்.

மற்றவை

சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி மொய்த்த இளந்தளிர் ஒன்று கிடைத்தால் அரை நாள் போய்விடும். எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியின் பின்பக்கத்தைத் தட்டும். ஒரு பளபளப்பான துளி வெளியே வரும், எறும்பு குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அதே தளிரில் பொறிவண்டின் புழு அசுவினிகளைத் தின்றுகொண்டிருக்கும், எறும்பு அதைத் துரத்தும். பக்கத்து இலையில் மயிரிழைத் தண்டின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை.

குளவி என்று பயந்து விலகுவதற்கு முன் இறக்கையை எண்ணுங்கள். ஒரே ஒரு ஜோடி, குட்டையான உணர்கொம்பு, முகம் நிறையக் கண் என்றால் அது குளவி வேடம் போட்ட ஈ. கொட்டாது.

மணலில் துளையிடும் குளவியைக் கண்டால் வெளியே கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். துளைக்கு மேலே வட்டமடித்துவிட்டுப் போகும். வழியை மனப்பாடம் செய்கிறது. பின்னாளில் 1973இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன், தேனீ வேட்டைக் குளவியின் துளையைச் சுற்றி பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். அது பழகிய பின், வெளியே போயிருந்த நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பிய குளவி, துளையை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவே போய்த் தேடியது. 1932இல் வெளியான இந்த ஆய்வுக்கு வேண்டியிருந்தது தரையில் உட்காரும் பொறுமையும் கொஞ்சம் பைன் காயும்தான். நீங்கள் செய்வதானால் காய்களை அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள், அது வீடு சேரட்டும்.

கருவிகள்

கைலென்ஸ் என்றால் எல்லோரும் 10 மடங்கு வாங்கச் சொல்வார்கள். அசையாத பொருளுக்கு அது நல்லது. ஆனால் 10 மடங்கு லென்ஸ் தெளிவாகக் காட்டும் தூரம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். உயிருள்ள எந்தப் பூச்சி அதற்குச் சம்மதிக்கும்? 5 மடங்கில் ஐந்து சென்டிமீட்டர் கிடைக்கும், அதுவே எனக்குத் தோது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கையை நீட்டி லென்ஸைத் தூரத்தில் பிடித்தால் ஒரு துணுக்குதான் தெரியும்.

தட்டானுக்கு மிகச் சிறந்த கருவி கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் பைனாகுலர். இரண்டு மீட்டருக்குள் தெளிவு கிடைத்தால் போதும். பென்டாக்ஸ் பாப்பிலியோ அரை மீட்டர்வரை வரும். சாதாரண பைனாகுலர் கையில் இருந்தால் அதைத் திருப்பிப் பிடித்து, பெரிய கண்ணாடிப் பக்கம் கண்ணை வைத்து, சின்னக் கண்ணாடியைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோங்கள். நல்ல உருப்பெருக்கியாக வேலை செய்யும். தட்டான் சட்டை, உதிர்ந்த இறக்கை ஆகியவற்றுக்கு இது போதும்.

படம் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சியின் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் அளவுக்கு நெருங்கினால், லென்ஸ் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். எனவே முழு உடம்பும் தெரிய வேண்டுமென்றால் கேமராவைப் பூச்சியின் உடம்புக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அது முடியாவிட்டால் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், வால் மங்கினால் மங்கட்டும். எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதுமே மழுங்கும். ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதற்குப் பதிலாக உடம்பை முன்பின் சாய்த்துத் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும். ஃபிளாஷ் போட்டால் முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றைக் கட்டுங்கள். பளபளக்கும் வண்டுகள் வெறும் ஃபிளாஷில் வெள்ளைப் பொட்டாகிவிடும்.

தண்ணீர் தெளித்துப் பனித்துளி வரவழைப்பது, குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் பூமேல் உட்காரவைப்பது, இவை எல்லாம் நடக்கின்றன. அந்தப் படங்களில் பூச்சி செய்யும் வேலை என்று ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் பழகினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தொடாமல் விட வேண்டியவை

மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சி, பளிச்சென்ற நிறத்தில் கூட்டமாகப் பூவைத் தின்னும் கொப்புள வண்டு, கூரிய அலகு மடித்து வைத்திருக்கும் கொலைகார நாவாய்ப்பூச்சி, இவற்றைக் கண்ணால் மட்டும் பாருங்கள். முதலாவதன் மயிர் அரிப்பைத் தரும், இரண்டாவதன் உடல்நீர் தோலைக் கொப்பளிக்க வைக்கும், மூன்றாவது வலிக்கக் குத்தும். குளவிக் கூட்டில் காவலுக்கு நிற்பவை உங்களை நோக்கித் திரும்பி இறக்கையை உயர்த்தினால், வந்த வேகத்திலேயே மெதுவாகப் பின்வாங்குங்கள். கையை வீசாதீர்கள். கல்லையோ கட்டையையோ புரட்டிப் பார்த்தால் அதே பக்கம், அதே குழியில் திரும்ப வையுங்கள். அடியில் இருப்பவற்றுக்கு அந்த ஈரம்தான் வீடு.

குறிப்பு எழுதுவது

பெயர் தெரியாவிட்டாலும் எழுதுங்கள். தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்விக்கு ஒரு வரியாவது வர வேண்டும். “பச்சைத் தட்டான் ஒன்று” என்று மட்டும் எழுதிய பக்கம் அடுத்த வருடம் எதற்கும் உதவாது. “காலை 9:40, கோரை நுனி, வால் தூக்கவில்லை, ஈ பிடித்து அதே நுனிக்குத் திரும்பியது” என்றால் உதவும்.

உலகில் தட்டான், ஊசித்தட்டான் இனங்கள் 6,000க்கு மேல் உண்டு, கும்பிடுபூச்சிகள் 2,000க்கு மேல். ஒரே படத்தை வைத்துப் பெயர் சொல்வது கஷ்டம். படத்தைப் போட்டுப் பெயர் கேட்கக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் கேட்பதென்றால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, இறக்கை நுனிக் கட்டம் தெரிய ஒன்று எடுத்துவையுங்கள். ஆண் தட்டானென்றால் வால்நுனிக் கொக்கியும் தெளிவாக வேண்டும். நெருங்கிய இனங்களைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.